ஒரு படம், இரண்டு எக்ஸ்போஷர்: ஃபிளாஷ் பழகத் தொடங்குபவர்களுக்கு

ஃபிளாஷ் வாங்கிய புதிதில் பெரும்பாலானவர்கள் அதைக் கேமரா தலையில் மாட்டி, எதிரில் நிற்பவரை நோக்கி நேராக அடிக்கிறார்கள். நெற்றி பளபளக்கிறது, முகம் வெளுத்துப்போகிறது, பின்சுவர் இருட்டாகிறது, காதோரம் ஒரு கறுப்பு நிழல் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஃபிளாஷ் படம் என்றாலே இப்படித்தான் என்று முடிவுகட்டி அதைப் பையின் அடியில் போட்டுவிடுகிறார்கள். நல்ல கருவி ஒன்று இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால் இதில் புரிந்துகொள்ள வேண்டியது அடிப்படையில் ஒரே ஒரு விஷயம்தான். சின்க் ஸ்பீடு, டி.டி.எல்., கைடு நம்பர், ரியர் கர்ட்டன் என்று மிரட்டும் சொற்கள் எல்லாம் அந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் எந்தப் படத்திலும் இரண்டு எக்ஸ்போஷர், அதாவது இரண்டு வெளிச்சப் பதிவுகள், சேர்ந்தே பதிவாகின்றன. ஒன்று, அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம் கொடுப்பது: ஜன்னல், டியூப்லைட், மண்டபத்து விளக்கு, வெயில். இதை ஆம்பியன்ட் என்பார்கள். இன்னொன்று ஃபிளாஷ் கொடுப்பது. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஷட்டருக்கு ஃபிளாஷ் தெரியாது

ஆம்பியன்ட் வெளிச்சத்துக்கு மூன்று பிடிகள் என்று முன்பே படித்திருப்பீர்கள்: ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்). ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு நான்கு பிடிகள்: அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ., ஃபிளாஷின் பவர், ஃபிளாஷுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம். இரண்டாவது பட்டியலில் ஷட்டர் ஸ்பீடு கிடையாது.

காரணம் எளிது. ஃபிளாஷுக்குள் ஒரு கப்பாசிட்டர் இருக்கிறது. அது சுமார் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, ஒரே வீச்சில் செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் விடும். அந்த மின்னல் மிக மிகக் குறுகியது. நிக்கான் எஸ்.பி.-900 ஃபிளாஷ் முழு பவரில் சுமார் 1/880 நொடிதான் எரியும். பவரை 1/128 ஆகக் குறைத்தால் எரியும் நேரம் 1/38500 நொடி. இங்கே பவரைக் குறைப்பது என்றாலே மின்னலைச் சீக்கிரம் வெட்டிவிடுவது என்றுதான் பொருள். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தாலும் சரி, 1/200 நொடி திறந்திருந்தாலும் சரி, மின்னல் அதற்குள் வந்து போய்விடும். ஆகவே ஃபிளாஷ் வெளிச்சம் மாறாது. ஆம்பியன்ட் வெளிச்சமோ ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஓடும் குழந்தையை ஃபிளாஷ் உறைய வைப்பதும் இதனால்தான். அங்கே அசைவை நிறுத்துவது மின்னலின் குறுகிய நேரம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹரோல்டு எட்ஜர்டன் பால்துளி தெறித்துக் கிரீடம்போல் எழும்பும் கணத்தைப் படமாக்கியது இந்த வழியில்தான்.

ராத்திரி வீட்டில் ஒரு பரிசோதனை

இதைப் படிப்பதைவிடக் கையால் செய்து பார்ப்பது நல்லது. இரவில் வீட்டு ஹாலில் ஒருவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். அவருக்குப் பின்னால் சுவர் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளியிருக்கட்டும். நீங்கள் அவருக்கு 2 மீட்டர் தூரத்தில் நில்லுங்கள்.

கேமராவை மேனுவல் மோடில் வையுங்கள். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. இருந்தால் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது விழித்திருந்தால் நீங்கள் ஒன்றை மாற்றும்போது பின்னாலேயே வந்து இன்னொன்றை மாற்றிவிடும், எதனால் எது நடந்தது என்றே புரியாது. மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். திரையில் எக்ஸ்போஷரை முன்கூட்டியே காட்டும் வசதியை நிறுத்துங்கள். கேனனில் அதை எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்பார்கள், சோனியில் லைவ் வியூவின் செட்டிங் எஃபெக்ட். அதை நிறுத்தாவிட்டால் திரை முழுவதும் கறுப்பாகத் தெரியும், ஆளே தெரியாது. ஃபிளாஷ் கெட்டுப்போயிற்றோ, கேமரா கெட்டுப்போயிற்றோ என்று பலரும் பயந்துபோவது இந்த இடத்தில்தான். அப்புறம், சைலன்ட் ஷட்டர் எனப்படும் எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் எரியாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

ஐ.எஸ்.ஓ. 400, அப்பர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/200. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வரும். சரி, அதுதான் வேண்டும். அறையின் விளக்கு இந்தப் படத்தில் பங்கெடுக்கவில்லை என்று அந்தக் கறுப்பு சொல்கிறது.

இப்போது ஃபிளாஷைப் போடுங்கள். மேனுவல், பவர் 1/32, தலை நேராக. முகம் ஓரளவு சரியாக வரும். வெளுத்தால் 1/64, இருண்டால் 1/16. முகம் சரியான இடத்தில் நின்றதும் ஃபிளாஷைத் தொடாதீர்கள். ஷட்டரை மட்டும் 1/200 இலிருந்து 1/50 ஆக்குங்கள். பிறகு 1/25. மூன்று படங்களையும் வரிசையாகப் பாருங்கள். முகம் அநேகமாக அப்படியே இருக்கும். ஆனால் பின்சுவர் மெல்ல மெல்லத் தெளியும், மூலையில் இருக்கும் விளக்கின் மஞ்சள் உள்ளே வரும், சுவரில் மாட்டிய காலண்டர் தெரியத் தொடங்கும். ஷட்டர் என்பது ஆம்பியன்ட் பிடி என்பது இங்கே கண்ணுக்கே தெரிகிறது.

அடுத்து ஷட்டரை 1/50 இல் விட்டுவிட்டு ஃபிளாஷ் பவரை மட்டும் மாற்றுங்கள். சுவர் பெரிதாக மாறாது, முகம்தான் கூடும், குறையும். கடைசியாக அப்பர்ச்சரை எஃப் 8 ஆக்குங்கள். முகமும் சுவரும் சேர்ந்தே இருளும். ஐ.எஸ்.ஓ.வும் அப்படித்தான், இரண்டையும் சேர்த்தே இழுக்கும்.

இந்தப் பரிசோதனையை ஒரு முறை பொறுமையாகச் செய்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்லப்போவதெல்லாம் விவரம்தான்.

ஸ்டாப், தூரம், கைடு நம்பர்

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. ஃபிளாஷ் பவர் 1/1, 1/2, 1/4, 1/8 என்று போவதில் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். ஐ.எஸ்.ஓ. 400 இலிருந்து 800 ஒரு ஸ்டாப். எஃப் 5.6 இலிருந்து எஃப் 8 ஒரு ஸ்டாப். எல்லாம் ஒரே அளவுகோல் என்பதால் ஒன்றுக்கு ஒன்று ஈடுகட்டலாம்.

தூரம் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப் போய்விடும். 1 மீட்டரில் சரியாக இருக்கும் ஃபிளாஷ் 2 மீட்டரில் கால் பங்கு, 4 மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. முகம் வெளுத்துச் சுவர் இருட்டாவதன் காரணம் இதுதான். முகம் பக்கத்தில் இருக்கிறது, சுவர் தள்ளி இருக்கிறது.

குடும்ப குரூப் போட்டோ எடுக்கும்போது இந்த விதி நேரடியாக உதவும். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 2.8 மீட்டரிலும் இருந்தால் பின்வரிசைக்குப் பாதி வெளிச்சம்தான் போகும். பாட்டி, தாத்தா பளிச்சென்று இருப்பார்கள், பின்னால் நிற்கும் பேரப்பிள்ளைகள் மங்குவார்கள். நீங்கள் பின்னால் போய் முன்வரிசைக்கு 4 மீட்டர் தூரத்தில் நின்றால், அதே வரிசைகளுக்கு இடையே வித்தியாசம் அரை ஸ்டாப்தான். ஃபிளாஷ் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சமமாக விழும். பவர் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவே.

ஃபிளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்லும் எண்ணுக்குப் பெயர் கைடு நம்பர். கைடு நம்பரை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் தூரம் வரும். ஐ.எஸ்.ஓ. 100இல் கைடு நம்பர் 36 உள்ள ஃபிளாஷ், எஃப் 4இல், முழு பவரில் 9 மீட்டர் எட்டும். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் அந்தத் தூரம் இரட்டிப்பாகும், 18 மீட்டர். கேமராவுக்குள்ளேயே எழும்பும் சின்ன பாப்-அப் ஃபிளாஷ்களுக்குக் கைடு நம்பர் பெரும்பாலும் 8 முதல் 13 வரைதான். 12 என்றே வைத்துக்கொண்டாலும் எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 100இல் 3 மீட்டர். கிரிக்கெட் மைதானத்தின் கேலரியில் உட்கார்ந்து ஆடுகளத்தை நோக்கி மின்னும் ஃபிளாஷ்கள் முன்வரிசையில் இருப்பவர்களின் பின்தலையைத்தான் பிரகாசமாக்குகின்றன.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் கைடு நம்பரைப் பார்த்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 60 என்று போட்டிருந்தால், அது ஃபிளாஷ் தலையை 200 மில்லிமீட்டர் ஜூமில் வைத்து அளந்ததாக இருக்கலாம். தலை ஜூம் ஆகும்போது வெளிச்சம் குறுகிய கற்றையாகிறது, எண் பெரிதாகிறது. கேனன் 600இஎக்ஸ்-ஆர்டி ஃபிளாஷுக்கு 200 மில்லிமீட்டரில் 60, அதே ஃபிளாஷுக்கு 35 மில்லிமீட்டரில் 36. இரண்டு ஃபிளாஷ்களை ஒப்பிடுவதானால் ஒரே ஜூம் அளவில் ஒப்பிடுங்கள்.

சின்க் ஸ்பீடும் கறுப்புப் பட்டையும்

ஷட்டர் ஸ்பீடு ஃபிளாஷைப் பாதிக்காது என்றேன். அதற்கு ஒரு எல்லை உண்டு. 1/1000 இல் வைத்து அடித்துப் பார்த்தால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாக வரும்.

டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமராக்களின் ஷட்டரில் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை நகர்ந்து சென்சாரைத் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். ஒரு திரை சென்சாரைக் கடந்து முடிக்கச் சில மில்லிநொடிகள் ஆகும். 1/200 போன்ற வேகத்தில் முதல் திரை முழுவதும் திறந்து முடித்து, இரண்டாவது கிளம்பும் முன் ஒரு கணம் சென்சார் முழுவதும் வெளியே தெரியும். ஃபிளாஷ் மின்ன வேண்டிய கணம் அதுதான். அதற்கு மேல் வேகம் போனால், முதல் திரை பயணத்தை முடிக்கும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். சென்சார் மீது ஒரு பிளவு மட்டும் ஓடும். மின்னல் அடிக்கும்போது திரையால் மூடியிருந்த பகுதிதான் கறுப்புப் பட்டை.

சென்சார் முழுவதும் திறந்திருக்கும் மிக அதிக வேகத்துக்குத்தான் சின்க் ஸ்பீடு என்று பெயர். கேனன் 1500டியில் 1/200, நிக்கான் டி850இல் 1/250. உங்கள் கேமராவின் எண்ணை அதனுடன் வந்த கையேட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எல்லாக் கேமராவும் இப்படி அல்ல. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் லீஃப் ஷட்டர் வகையில் இந்தத் தொல்லை இல்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III கேமராவில் குளோபல் ஷட்டர் இருக்கிறது, சென்சாரின் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் திறந்து மூடும், அதனால் எல்லையே கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நம்மில் பலரின் கையில் இருப்பதோ இரண்டு திரை ஷட்டர்தான்.

வீட்டுக்குள் 1/200 போதும். சிக்கல் வெயிலில் வரும். நல்ல நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100இல், எஃப் 16இல், 1/100 நொடி சரியாக இருக்கும். அதே அளவை எஃப் 2.8இல் வேண்டும் என்றால் ஷட்டர் 1/3200 போக வேண்டும். பின்னணி மங்கலாக வேண்டும், முகத்தின் கண்குழி நிழலை ஃபிளாஷால் நிரப்பவும் வேண்டும் என்றால் என்ன செய்வது?

ஒரு வழி ஹை ஸ்பீடு சின்க், சுருக்கமாக ஹெச்.எஸ்.எஸ். நிக்கானில் இதற்கு எஃப்.பி. என்று பெயர். இதில் ஃபிளாஷ் ஒரே மின்னலாக அடிக்காமல், பிளவு சென்சாரைக் கடக்கும் நேரம் முழுவதும் படபடவென்று நூற்றுக்கணக்கான சிறு துடிப்புகளாக எரியும். இதற்கு விலை உண்டு: பவர் கணிசமாகக் குறைந்துவிடும், ஷட்டர் வேகம் கூடக்கூட இன்னும் குறையும். இந்த நிலையில் ஃபிளாஷ் தொடர்ந்து எரியும் விளக்குபோல் நடந்துகொள்வதால், ஷட்டர் ஸ்பீடு ஃபிளாஷையும் பாதிக்கும். அதற்கேற்ப ஆளுக்கு மிக அருகில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இன்னொரு வழி லென்ஸ் மேல் நான்கு ஸ்டாப் என்.டி. ஃபில்டர், அதாவது நிறம் மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருமையான கண்ணாடி, மாட்டுவது. ஷட்டர் 1/200க்கு இறங்கிவிடும், அப்பர்ச்சர் எஃப் 2.8இலேயே நிற்கும். ஃபில்டர் ஃபிளாஷையும் சேர்த்தே மங்கச் செய்யும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடக்கும் அவுட்டோர் ஷூட்டுக்கு ஃபில்டரும், அவசரமான இடத்துக்கு ஹெச்.எஸ்.எஸ்.ஸும் ஒத்துவரும் என்பது என் கருத்து.

டி.டி.எல். என்ன செய்கிறது

டி.டி.எல். என்றால் லென்ஸ் வழியாக வெளிச்சத்தை அளப்பது. ஃபிலிம் காலத்தில் ஒலிம்பஸ் ஓ.எம்.-2 கேமரா 1975இல் இதைக் கொண்டுவந்தது. படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே ஃபிலிமில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, போதும் என்றதும் ஃபிளாஷை நிறுத்திவிடும். டிஜிட்டல் சென்சார் ஃபிலிமைப்போல் வெளிச்சத்தைத் திருப்புவதில்லை. அதனால் இன்றைய கேமராக்கள் வேறு வழியில் போகின்றன. படத்துக்குச் சற்று முன்பு மெல்லிய ஒரு முன்மின்னல் விட்டு, அது திரும்பி வருவதை அளந்து, அசல் மின்னலுக்கு எவ்வளவு பவர் என்று தீர்மானிக்கின்றன. கேனன் இதை இ-டி.டி.எல். என்கிறது, நிக்கான் ஐ-டி.டி.எல். என்கிறது. இரண்டு மின்னலும் அடுத்தடுத்து வருவதால் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஆனால் சிலரின் இமை முன்மின்னலுக்கே மூட ஆரம்பித்துவிடும். சில முகங்கள் எல்லாப் படத்திலும் பாதிக்கண்ணோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டி.டி.எல். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைக்கும் பழக்கம் உள்ளது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை முழு உருவமாக நின்றால், இவ்வளவு வெளிச்சமா என்று அது பவரைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகவும் முகம் கருத்தும் வரும். மாலை ரிசப்ஷனில் அதே மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில் வந்தால் பவரைக் கூட்டி முகத்தை வெளுக்கடிக்கும். இதைத் திருத்துவதற்குத்தான் ஃபிளாஷ் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி. முக்கால் ஸ்டாப்பில் ஆரம்பித்துத் திரையைப் பார்த்துத் திருத்துங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். கேமராவில் சாதாரண எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று வேறொரு பொத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது ஃபிளாஷ் படம் போட்ட அமைப்பை.

பித்தளைக் குத்துவிளக்கு, கண்ணாடி அலமாரி, சில்வர் தாம்பாளம் எதுவும் சட்டகத்துக்குள் பளீரென்று எதிரொளித்தால் டி.டி.எல். ஏமாந்து படத்தை இருட்டாக்கும். அப்போது ஃபிளாஷ் எக்ஸ்போஷர் லாக் உதவும். முகத்தை மட்டும் நடுவில் வைத்து லாக் பொத்தானை அழுத்தினால் முன்மின்னல் அடித்து அளவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சட்டகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்கலாம்.

மேனுவலா, டி.டி.எல்.லா என்று கேட்டால் என் பதில் இதுதான். தூரம் மாறாத இடத்தில், உதாரணமாக மேடையில் வரிசையாக வந்து நின்று போகும் விருந்தினர்களுக்கு, மேனுவல். ஒருமுறை அமைத்தால் நூறு படமும் ஒரே மாதிரி வரும். ஆள் நடந்துகொண்டே இருக்கும் மாப்பிள்ளை அழைப்பு போன்ற இடத்தில் டி.டி.எல். கற்றுக்கொள்ளும் காலத்தில் மட்டும் மேனுவலிலேயே இருங்கள். டி.டி.எல். உங்களுக்காகக் கணக்குப் போட்டுவிட்டால் உங்களுக்கு அந்தக் கணக்கு வராது.

கூரையில் அடித்துத் திருப்புவது

இதுவரை பேசியது வெளிச்சத்தின் அளவு. படம் அழகாவது வெளிச்சத்தின் தன்மையால்.

ஆளின் பார்வையில் விளக்கு எவ்வளவு பெரியதோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும். ஃபிளாஷின் முகப்பு ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதனால்தான் நேராக அடித்தால் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விழுகிறது. தலையைத் திருப்பி வெள்ளைக் கூரையிலோ பக்கச் சுவரிலோ அடித்தால், அந்தச் சுவரின் ஒரு பெரிய பரப்பே விளக்காகிவிடுகிறது. இதுதான் பவுன்ஸ்.

பலர் தலையை நேர் மேலே திருப்பிவிடுகிறார்கள். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்கிக் கண்குழியில் நிழல் கட்டும். அதைவிட, உங்களுக்குப் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சுவரும் கூரையும் சேரும் இடத்தை நோக்கித் திருப்புங்கள். முகத்துக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சம் மூக்கு, கன்னத்தின் உருவத்தை எடுத்துக்காட்டும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாற்போல் இருக்கும். ஃபிளாஷ் தலை திரும்பியிருந்தாலும் அதிலிருந்து நேர் வெளிச்சம் ஆள்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் பவுன்ஸின் பலன் பாதி போய்விடும்.

வெளிச்சம் கூரை வரை போய்த் திரும்பி வருவதால் இரண்டு ஸ்டாப் அல்லது அதற்கு மேலேயே இழப்பு இருக்கும். பவரை முழுதாக ஏற்றாமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 100க்குப் பதில் 800 வைத்தால் முழு பவர் கேட்ட இடத்தில் 1/8 போதும். இன்றைய கேமராக்களில் 800, 1600 எல்லாம் பயப்பட வேண்டிய எண்கள் அல்ல. கூரை பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும் என்பதைக் கவனியுங்கள். தேக்குப் பலகை வேய்ந்த கூரையும் அப்படியே, மஞ்சள்பழுப்பாகத் திருப்பும். உயரமான கல்யாண மண்டபங்களில் கூரை எட்டாது. அங்கே பக்கத்தில் ஒரு வெள்ளைத் தூண், திரை, சுவர் கிடைக்குமா என்று முதலில் போய்ப் பார்த்துவைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஃபிளாஷ் முகப்பில் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடி டிஃப்யூசர் அறைக்குள் ஓரளவு உதவும், ஏனென்றால் அது வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்துச் சுவர்களில் பட வைக்கிறது. சுற்றிலும் சுவரே இல்லாத வெளியில் அதை மாட்டினால் பேட்டரிதான் கரையும், மென்மை வராது. முகப்பின் அளவு அப்படியேதானே இருக்கிறது.

மண்டபத்தில் வேலையைத் தொடங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஃபிளாஷ் அணைத்து மேடை அலங்காரத்தைப் படம் எடுங்கள். அலங்காரம் சரியான அளவைவிட ஒரு ஸ்டாப் மங்கலாகத் தெரியும்படி ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் அமையுங்கள். பிறகு ஃபிளாஷைப் போட்டு முகத்துக்கு வேண்டிய அளவு கூட்டுங்கள். ஆள் முன்னால் எழுந்து நிற்பார், அலங்காரமும் இருட்டில் தொலையாது. ஷட்டரை 1/30க்குக் கீழே கொண்டுபோனால், ஆம்பியன்ட் வலுவாக உள்ள இடத்தில் அசையும் கைகளுக்கு ஆவிபோல் ஒரு இழுவை வரும்.

நிறம்

ஃபிளாஷின் நிறம் பகல் வெளிச்சத்தை ஒத்தது, சுமார் 5500 கெல்வின். மஞ்சள் ஹாலஜன் விளக்கு சுமார் 3200. இரண்டும் ஒரே படத்தில் வந்தால், முகம் சரியாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் தெரியும். ஃபிளாஷ் முகப்பில் சி.டி.ஓ. எனப்படும் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 3200 அருகில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலாகிவிடும். இப்போது பல மண்டபங்களில் எல்.இ.டி. வீடியோ லைட் என்பதால் முதலில் ஒரு படம் எடுத்து நிறம் பார்த்துவிட்டு ஜெல்லை எடுங்கள்.

கம்பி மத்தாப்பும் ரியர் கர்ட்டனும்

மெனுவில் ஃபர்ஸ்ட் கர்ட்டன், ரியர் கர்ட்டன் என்று இரண்டு இருக்கும். முதலாவதில் ஷட்டர் முழுவதும் திறந்ததும் ஃபிளாஷ் அடிக்கும். இரண்டாவதில் மூடப்போகும் முன் அடிக்கும். ஷட்டர் 1/200 இல் இருந்தால் வித்தியாசமே தெரியாது. ஷட்டர் மெதுவாக ஆகும்போதுதான் தெரியும்.

தீபாவளி இரவில் குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட் கர்ட்டனில் முகம் ஆரம்பத்திலேயே உறைந்துவிடும், பிறகு நெருப்புக் கோடு குழந்தைக்கு முன்னால் ஓடும், பின்னோக்கி ஓடுவதுபோல் தெரியும். ரியர் கர்ட்டனில் கோடு முதலில் பதிந்து, கடைசியில் முகம் உறையும். கோடு முதுகுக்குப் பின்னால் வால்போல் நீளும். நம் கண் எதிர்பார்ப்பது இதைத்தான்.

கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் 2 நொடி, ரியர் கர்ட்டன், ஃபிளாஷ் மேனுவலில் 1/16 என்று தொடங்குங்கள். பின்னணியில் தெருவிளக்கு இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். டி.டி.எல்.லில் எடுத்தால் ஆரம்பத்தில் முன்மின்னலும் முடிவில் அசல் மின்னலும் வரும். முதல் மின்னலைப் பார்த்ததும் படம் முடிந்துவிட்டது என்று குழந்தை திரும்பிவிடும். இரண்டாவது மின்னல் வரும்வரை சுற்றிக்கொண்டே இரு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மேனுவலில் அந்தக் குழப்பம் இல்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நிற்பது அவசியம்.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றும்போது

மேலே சொன்னது கைவந்த பிறகு அடுத்த படி ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றுவதுதான். செலவு அதிகமில்லாமல் படம் அடியோடு மாறும் இடம் இது. ஃபிளாஷைத் தள்ளி இருந்தே எரிய வைக்கும் ஒரு ரேடியோ ட்ரிக்கர், ஒரு லைட் ஸ்டாண்டு, ஒரு வெள்ளைக் குடை போதும். ட்ரிக்கரைக் கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் மாட்டி, ட்ரிக்கரிலும் ஃபிளாஷிலும் ஒரே சேனல், ஒரே குரூப் வைத்தால் வேலை செய்யும். எரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது சேனல் எண், அடுத்து ஹாட் ஷூவில் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்பது.

ரேடியோ இல்லாமல், இன்னொரு ஃபிளாஷின் மின்னலைப் பார்த்து எரியும் ஆப்டிகல் ஸ்லேவ் வசதியும் பல ஃபிளாஷ்களில் உண்டு. எஸ்1, எஸ்2 என்று இரண்டு இருக்கும். எஸ்1 முதல் மின்னலுக்கே எரிந்துவிடும். முதல் ஃபிளாஷ் டி.டி.எல்.லில் இருந்தால் அதன் முன்மின்னலுக்கு எரிந்து வீணாகும். அப்போது முன்மின்னலைப் பொருட்படுத்தாத எஸ்2ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்டாண்டை ஆளுக்கு ஒரு பக்கமாக, கண்மட்டத்தைவிட உயரமாக, சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்தில் வையுங்கள். குடையை அருகில் கொண்டுவரக் கொண்டுவர அது ஆளின் பார்வையில் பெரிதாகும், நிழல் மென்மையாகும். பின்னணியும் சீக்கிரம் இருளும், தூர விதிதான் காரணம். சிவப்புக் கண் தொல்லையும் இதோடு போய்விடும். விழித்திரையில் பட்ட வெளிச்சம் நேராக லென்ஸுக்குத் திரும்புவதால் வருவது அது, ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் திரும்ப வழியில்லை.

பேட்டரி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண செல்லைவிட ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் வேகமாக மின்சாரம் கொடுக்கும், ஃபிளாஷ் அடுத்த அடிக்குச் சீக்கிரம் தயாராகும். அந்தக் காத்திருக்கும் நேரத்துக்கு ரீசைக்கிள் டைம் என்று பெயர். தயார் விளக்கு எரியும் முன் அவசரப்பட்டு எடுத்தால் படம் இருட்டாக வரும். முழு பவரில் இடைவிடாமல் அடித்தால் தலை சூடாகி ஃபிளாஷ் தானாகவே நின்றுபோகும், சில நேரம் முகப்பு பிளாஸ்டிக்கே உருகும். தாத்தா வைத்திருந்த பழைய ஃபிளாஷ் கிடைத்தது என்று நேராக டிஜிட்டல் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றின் ட்ரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், கேமராவின் மின்சுற்றே போய்விடும். பழுதான ஃபிளாஷை நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம். பேட்டரியை எடுத்துவிட்டாலும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து. பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.